பன்னிரண்டாம் பேணியின் நலம்

நான் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். படிவத்தின் பதினான்காம் கேள்விக்கு உண்மையான விடையை எழுதினேன்.

கேள்வி இது: "உங்கள் பிரிவின் பராமரிப்பில் எத்தனை விலங்குகள் உள்ளன?" பத்து வருடமாக அந்தப் படிவத்தை நிரப்பியவர் என் மேலாளர். வருடாவருடம் சைபர் என்று போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். இந்த வருடம் அவர் ஓய்வு பெற்றதால் படிவம் என் மேசைக்கு வந்தது. நான் சாவகச்சேரியில் பத்தொன்பது வருடம் விலங்கியல் படிப்பித்தவள். புழுவும் விலங்குதான் என்று தொண்டை கிழியச் சொல்லி, அல்ல என்று எழுதிய பிள்ளைகளுக்குச் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு இழுத்தவள். என் கை சைபர் எழுத மறுத்துவிட்டது.

கணக்குப் பார்த்தேன். ஒரு கிலோ மண்ணில் எழுநூறு புழு. மூடி போட்ட ஒரு பேணியில் இரண்டு கிலோ மண். பன்னிரண்டு பேணி. பதினாறாயிரத்து எண்ணூறு என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

எங்கள் நிறுவனத்தின் பெயர் தென்முனை மண்ணுயிர் ஆய்வு நிலையம். ஒக்லாந்தின் மேற்கே, ஹென்டர்சனில், கார்க் கண்ணாடி மாற்றுகிற பட்டறைக்கும் கம்பளம் விற்கிற கிடங்குக்கும் நடுவில் இருக்கிறது. அறுபத்து மூன்று பேர் வேலை செய்கிறோம். அதில் நுணுக்குக்காட்டியில் கண் வைப்பவள் நான் ஒருத்தி. மற்ற அறுபத்திரண்டு பேரும் நான் கண் வைப்பதைத் திட்டமிடுகிறார்கள், மேற்பார்வை செய்கிறார்கள், அதனால் விளைந்த பயனை மதிப்பிடுகிறார்கள், அதைப் பற்றிச் சுவரில் படம் ஒட்டுகிறார்கள்.

நான் பார்ப்பது மண். தென்துருவத்தில் பனிகூடத் தங்காத பள்ளத்தாக்குகள் உண்டு. மழை இல்லை, புல் இல்லை, ஒரு எறும்பு இல்லை. ஆனாலும் அந்த மண்ணில் ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் புழு வாழ்கிறது. அது கிருமியைத் தின்னும். அதைத் தின்ன இன்னொரு புழு உண்டு, காண்பது அருமை. ஈரமான மூலையில் எட்டுக் கால் நீர்க்கரடி ஒன்றிரண்டு. யாரை யார் தின்பது என்ற கதை அங்கே அவ்வளவுதான், ஒரு தபாலட்டையின் பின்பக்கத்தில் வரைந்துவிடலாம். எங்கள் நிலையத்தில் யாருக்கு யார் மேலதிகாரி என்று வரைந்த படத்துக்கு நடைபாதையின் இரண்டு சுவரும் போதவில்லை.

தண்ணீர் இல்லாத காலத்தில் இந்தப் புழு தன் உடம்பிலுள்ள நீரை விட்டுவிட்டுச் சுருண்டு படுத்துவிடும். பசி இல்லை, மூச்சு இல்லை, அசைவு இல்லை. ஆனால் சாகவும் இல்லை. கோடையில் பனிக்கட்டி உருகி மண் கொஞ்சம் நனைந்தால் எழும்பித் தின்னும், முட்டை இடும், மறுபடி படுக்கும். அதற்கு அந்தப் படுக்கைதான் வாழ்க்கை.

என் குளிர்ப்பெட்டியிலிருந்த பன்னிரண்டு பேணி மண்ணும் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவை. மறு வருடம் அங்கே வழமையில்லாத வெப்பம் அடித்து, மலையிலுள்ள பனி உருகி, பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளம் போனது. அதற்குப் பிறகு வந்த மண்ணை வருடாவருடம் எண்ணி, தடித்த அட்டை போட்ட என் சி.ஆர். கொப்பியில் எழுதினேன். எழுநூறு ஐந்நூறானது. ஐந்நூறு இருநூறானது. போன வருடம் பதினொன்று. ஈரம் கொன்றதா, வெப்பம் கொன்றதா என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. வெள்ளத்துக்கு முந்திய புழுவை உயிரோடு எழுப்பி, பாதிக்கு ஈரத்தைக் கூட்டியும் பாதிக்கு வெப்பத்தைக் கூட்டியும் பார்க்க வேண்டும். அந்தப் புழு அந்தப் பன்னிரண்டு பேணிகளில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. வருகிற ஓகஸ்ற்றில் எழுப்பலாம் என்று அனுமதியும் வந்திருந்தது. பதினொரு வருடம் நான் காத்திருந்தது அந்த ஓகஸ்ற்றுக்காக.

படிவம் போய் மூன்றாம் நாள் ராம்பிரசாத் வந்தார். நலன் மற்றும் இணக்கப் பிரிவின் மேலாளர். கோயம்புத்தூர்க்காரர், மரியாதையான மனிதர், கழுத்தில் மூன்று அடையாள அட்டை.

"மேடம், ஒரு நிமிஷம் பேசலாமா? ஃபார்ம்ல டைப்பிங் மிஸ்டேக் போல. பதினாறாயிரத்து எண்ணூறுன்னு இருக்கு."

"பிழை இல்லை. நான்தான் எழுதினனான்."

அவர் குனிந்து என் மேசைக்குக் கீழே பார்த்தார். "எங்க இருக்கு அதெல்லாம்?"

குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"இது மண்ணுங்க."

"மண்ணுக்குள்ளை இருக்கு."

"உயிரோடயா?"

"இப்ப எண்டால் உயிர் எண்டும் சொல்லேலாது, செத்தது எண்டும் சொல்லேலாது. படுத்திருக்கு."

ராம்பிரசாத் தன் கைக்கணினியைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான துன்பம் தெரிந்தது. "மேடம், இதுல ரெண்டு பாக்ஸ்தான் இருக்கு. உயிரோட, உயிரில்லாம."

"எண்டால் மூண்டாவதாய் ஒண்டு போடுங்கோ."

"அது சாஃப்ட்வேர்ல மாத்தணும். பதினெட்டு மாசம் ஆகும். உயிரோட இருக்குன்னா என் பிரிவுக்கு வரும். இல்லைன்னா கழிவுப் பிரிவுக்குப் போகும், அவங்க வெள்ளிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போய் எரிச்சிடுவாங்க."

அன்றைக்குப் புதன்கிழமை.

"உயிரோடை எண்டு போடுங்கோ," என்றேன். இதையும் பிழை என்று கணக்கெடுத்தால் நான் செய்த பிழை இரண்டு.

அடுத்த வாரம் இயக்குநர் கிறெய்க் எல்லோரையும் கூட்டினார். கிறெய்க் மண்ணைப் பற்றி ஒன்றும் அறியாதவர். முன்பு ஒரு தயிர்க் கம்பனியை நடத்தியவர், அதை ஒளிக்காமல் சொல்லுவார். "தலைமை என்பது எந்தப் பேணிக்கும் பொருந்தும் மூடி," என்று தொடங்கினார். "நேற்று வரை நாம் ஒரு ஆய்வு நிலையம். இன்று நாம் பதினாறாயிரத்து எண்ணூறு உயிர்களைக் கொண்ட ஒரு குடும்பம்." கைதட்டினார்கள். ராம்பிரசாத்தின் பிரிவில் இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒன்பது பேர் ஆனார்கள். இரண்டாவது நுணுக்குக்காட்டி ஒன்று வாங்கலாமா என்று நான் கேட்டேன். அது இந்தக் கூட்டத்தின் நோக்கத்துக்கு வெளியே என்றார்கள்.

என் குளிர்ப்பெட்டிக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: "தயவுசெய்து தட்டிவிட்டுத் திறக்கவும். உள்ளே உயிர்கள் உறங்குகின்றன." என்னை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். விலங்கைத் தூக்கும்போது ஒரு கை வயிற்றுக்குக் கீழும் ஒரு கை பின்காலுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்று ஒரு பொம்மை நாயை வைத்துக் காட்டினார்கள். பின்கால் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். ஊனமுற்ற விலங்குகள் பற்றிய பாடம் அடுத்த நிலையில் வரும் என்று பயிற்சியாளர் கனிவாகச் சொன்னார்.

பிறகு உயிரின நலக் குழு கூடியது. பதினொரு பேர், ஒரு தட்டு மஃபின். தலைவி லொரெய்ன், பாபகூராப் பக்கம் நாற்பது வருடம் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் என்னை விசாரித்தார்.

"கடைசியாக எப்போது இவற்றுக்குத் தண்ணீர் வைத்தீர்கள்?"

"வைக்கவில்லை."

"இந்த வாரமா?"

"பதினொரு வருடமாக."

மஃபின் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிறுத்தினார். ஒரு பெண் கண்ணைத் துடைத்தார். லொரெய்ன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சாப்பாடு?"

"இல்லை."

"வெளிச்சம்?"

"இல்லை."

"வெப்பம்?"

"சைபருக்குக் கீழே இருபது பாகை."

நான் எழுந்து நின்று விளங்கப்படுத்தினேன். வகுப்பில் விளங்கப்படுத்துவது போலவே, மெதுவாக, வெண்பலகையில் படம் கீறி. இந்தப் புழு காய்ந்துபோவது நோய் அல்ல, அதன் பிழைப்பு. எழுப்புவதென்றால் முதலில் சைபருக்குக் கீழே நாலு பாகையில் இரண்டு நாள், பிறகு மேலே நாலு பாகையில் ஒரு நாள், பிறகு தேக்கரண்டியால் குளிர்ந்த நீர், அதுவும் சொட்டுச் சொட்டாக. சூட்டில் வைத்துத் தண்ணீரை ஊற்றினால் எழும்பும், எழும்பிச் சாகும். அப்படித்தான் அந்தப் பள்ளத்தாக்கிலும் செத்திருக்கக்கூடும், அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பேணிகளை வைத்திருக்கிறோம் என்றேன்.

லொரெய்ன் பொறுமையாகக் கேட்டார். "நாற்பது வருடத்தில் தாகமாக இருக்க விரும்பிய ஒரு விலங்கையும் நான் கண்டதில்லை," என்றார். "குதிரையின் கண்ணைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். இவற்றின் கண்ணைப் பார்த்தீர்களா?"

"இவற்றுக்குக் கண் இல்லை."

"பார்த்தீர்களா," என்றார் லொரெய்ன் மற்றவர்களிடம், நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதைப் போல.

வாக்கெடுத்தார்கள். பத்துக்கு சைபர், ஒருவர் நடுநிலை, அவர் வாயில் மஃபின் இருந்தது. எல்லாப் பேணிகளுக்கும் உடனடியாகத் தண்ணீர், உணவு, வெளிச்சம், பதினெட்டுப் பாகை வெப்பம். சலிப்பைப் போக்கப் பேணிக்கு ஐந்து நிறக் கண்ணாடி மணி. குறிப்பேட்டில் என் விளக்கம் முழுவதும் ஒரே வரியாக இருந்தது: "தொழில்நுட்ப உதவியாளர் தன் மனக்கவலையைப் பகிர்ந்துகொண்டார். குழு அவருக்கு நன்றி கூறியதுடன் ஆலோசனைச் சேவையின் தொலைபேசி இலக்கத்தையும் வழங்கியது."

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது. பத்தொன்பது வருடம் முட்டாள்தனமான விடைகளுக்குப் புள்ளி போட்டவள் நான். ஆனால் என் பிள்ளைகள் எவரும் தெரியாததைத் தெரியும் என்று சொல்லி மஃபின் தின்றதில்லை. பதினெட்டுப் பாகை என்பது வாடகை வீட்டில் மனிதர் இருக்கும் அறைக்குச் சொல்லப்பட்ட அளவு. மனுரேவாவில் நாங்கள் இருக்கிற வீட்டுக்கு ஹீற்றர் போடச் சொல்லி ஏஜென்ட்டுக்கு ஏழு மாதமாக மின்னஞ்சல் போடுகிறேன், என் கணவர் கம்பளித் தொப்பியோடு சோறு சாப்பிடுகிறார். குளிரைக் கேட்கிற புழுவுக்கு நாலு நாளில் ஹீற்றர் வந்து இறங்கியது.

கண்ணாடிக் கதவுள்ள அலுமாரி ஒன்று, உள்ளே மஞ்சள் வெளிச்சம். அதற்கு "ஆறுதல் அறை" என்று பெயர். திறப்பு விழா வெள்ளிக்கிழமை என்று அறிவித்தார்கள். வியாழக்கிழமை பின்னேரம் நான் பன்னிரண்டாம் பேணியை எடுத்து, ஐஸ் பைகளால் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். அதன் இடத்தில் அதே மாதிரி ஒரு பேணியில், கட்டடச் சாமான் கடையில் வாங்கிய மணலை நிரப்பி, பன்னிரண்டு என்று லேபல் ஒட்டினேன். அந்தத் துருவ மண்ணைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்தக் குற்றத்தைப் பற்றி வருடம் ஒருமுறை எனக்குப் பரீட்சை வைக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு நூறு எடுத்திருக்கிறேன்.

இரண்டு ரயில் மாறி, பையை மடியை விட்டு இறக்காமல் வீட்டுக்கு வந்தேன். கராஜில் எங்கள் பெரிய குளிர்ப்பெட்டி இருக்கிறது. விளைமீன், இறால், தேங்காய்ப்பூப் பக்கற்றுகள், ஒடியல் மா. நான் அதைத் திறந்துகொண்டிருக்கும்போது என் கணவர் சோதிலிங்கம் கிடங்கு வேலை முடிந்து அப்போதுதான் வந்தார்.

"உதென்ன பேணி?"

"மண்."

"மண்ணை ஏன் மீனோடை வைக்கிறாய்?"

சொன்னேன். நடந்தது முழுவதையும், மஃபின் உட்பட. அவர் தொப்பியைக் கழற்றாமல் கேட்டார்.

"பிடிபட்டால் வேலை போகும், ரதி."

"ஓம்."

"கோட்டுக்கும் இழுப்பாங்கள்."

"ஓம்."

"எத்தினை கிடக்கு உதுக்கை?"

"ஆயிரத்து நானூறு."

அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு இறால் பையை மேலே எடுத்து, பேணியை அடியில் இறக்கி, அதன் மேல் தேங்காய்ப்பூப் பக்கற்றுகளை அடுக்கினார். "அடியிலைதான் குளிர் கூட," என்றார்.

வெள்ளிக்கிழமை கிறெய்க் நாடா வெட்டினார். ராம்பிரசாத்தின் ஆட்கள் பேணிகளைத் திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு குவளை ஒரு குவளையாக ஊற்றினார்கள். லொரெய்ன் மணிகளைப் போட்டார். முதலாம் பேணியிலிருந்து ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைக்கச் சொன்னார்கள், அதைச் சுவரிலுள்ள திரையில் காட்டினார்கள்.

இரண்டாம் மணித்தியாலத்தில் அவை எழும்பின. பதினொரு வருடம் சுருண்டு கிடந்த ஒன்று மெல்ல நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு திரை முழுக்க நெளிந்தன. நான் அந்தக் காட்சியை ஓகஸ்ற்றில், குளிர் அறையில், தனியாகப் பார்க்க இருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். லொரெய்ன் என் தோளில் கை வைத்து, "இப்போதாவது புரிகிறதா?" என்று கேட்டார். நான் குனிந்து எண்ணத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை நலக் கணிப்பு நடந்தது. நிறம், மணம், ஈரம், அமைதி, பொதுவான மனநிலை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. கணிப்பவர்கள் அலுமாரிக்கு வெளியே நின்று கண்ணாடியினூடாகப் பார்த்துப் புள்ளி போட்டார்கள். முதல் வாரத்தில் பதினொரு பேணிகளிலும் பச்சை படர்ந்தது. இரண்டாம் வாரம் பூஞ்சணம் வந்து நாறியது. பன்னிரண்டாம் பேணியில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அது இருபத்தைந்துக்கு இருபத்தைந்து வாங்கியது. மூன்றாம் வாரமும் இருபத்தைந்து. "பன்னிரண்டாம் பேணி காட்டும் அமைதி மற்ற பேணிகளுக்கு முன்மாதிரி," என்று அறிக்கையில் எழுதி, அதன் படத்தை இணையத்தளத்தின் முகப்பில் போட்டார்கள். ஒரு மனுக்கூடக் கொடுக்காத, ஒரு துளிகூட நாறாத உயிர்களை அவர்கள் முதல் முறையாகக் கண்டார்கள்.

நான் ஒவ்வொரு நாளும் எண்ணினேன். எண்ணும்படி ஒருவரும் கேட்கவில்லை. உயிருள்ள புழு வளையும், செத்த புழு குச்சியாக நீட்டிக் கிடக்கும். முதலாம் பேணியில் ஒரு கரண்டி மண்ணுக்கு ஏழு வளைவு இருந்தது, பிறகு நாலு, பிறகு ஒன்று. ஒவ்வொரு மாலையும் எண்களை ராம்பிரசாத்துக்கு அனுப்பினேன். "தகவலுக்கு நன்றி" என்று தானாகவே ஒரு பதில் வரும். இருபத்தாறாம் நாள் பதினொரு பேணிகளிலும் குச்சிகள்தான். அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. வெள்ளத்துக்கு முன்னால் அந்தப் பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று சாட்சி சொல்ல இருந்தவை, ஆறுதல் அறையில், நிற மணிகளுக்கு நடுவில் அழுகிப் போயின. எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது.

"செத்துப் போச்சு," என்று ராம்பிரசாத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன். "பதினையாயிரத்து நானூறும்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "மேடம், அந்த வார்த்தையை மெயில்ல போட்டுட்டீங்களா?"

"இருபத்தாறு மெயில் போட்டனான்."

அவர் உட்கார்ந்துவிட்டார். பராமரிப்பில் இருக்கும் விலங்கு இறந்தால் ஒவ்வொன்றுக்கும் நாற்பத்தாறு பக்கப் படிவம் உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெளியிலிருந்து தணிக்கையாளர்கள் வருவார்கள், ஒவ்வொரு பேணியையும் திறந்து பார்ப்பார்கள்.

மறுநாள் அவசரக் கூட்டம். இந்த முறை மஃபின் இல்லை. கிறெய்க் முதலில் பேசினார். "மரணம் என்பது கனமான சொல். என் தயிர்க் கம்பனியிலும் கோடிக்கணக்கான கிருமிகள் இருந்தன. ஒருநாளும் நாங்கள் அவற்றுக்குச் செத்தவீடு கொண்டாடியதில்லை. 'பராமரிப்பு நிறைவடைந்தது' என்று சொல்லலாம்."

லொரெய்ன், "அவை மிகவும் பலவீனமான நிலையில்தான் நம்மிடம் வந்தன," என்றார். "குறைந்தது, கடைசிக் காலத்தில் தண்ணீராவது கண்டன."

அப்போது ராம்பிரசாத் கையை உயர்த்தினார். இரவு முழுக்க விலங்கு நலச் சட்டத்தை வாசித்ததாகச் சொன்னார். இரண்டு மாதமாக இந்தச் சட்டத்தின் பெயரில்தான் எல்லாம் நடந்தது, இந்த அறையிலுள்ள ஒருவரும் அதன் தொடக்கப் பக்கத்தைப் புரட்டவில்லை. "விலங்கு" என்றால் என்ன என்று அங்கே எழுதியிருக்கிறது. மாடு உண்டு, மீன் உண்டு, நண்டு, கணவாய் உண்டு. புழு இல்லை.

அறையில் பெரிய நிம்மதி பரவியது. ஒருவர் சிரித்தேவிட்டார்.

"அப்படியானால் இறந்தவை எத்தனை?" என்று கிறெய்க் கேட்டார்.

"சைபர்," என்றார் ராம்பிரசாத். "இருந்தவையும் சைபர்."

பத்துக்கு சைபர், ஒருவர் நடுநிலை. இவை ஒருபோதும் விலங்குகளாக இருக்கவில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. உயிரின நலக் குழு ஒரு மரணம்கூட இல்லாமல் முதல் இரண்டு மாதத்தை முடித்ததற்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கப்பட்டது. பன்னிரண்டாம் பேணி வரவேற்பு மேசைக்கருகே கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டது, கீழே "நலமே நம் பலம்" என்று பித்தளைத் தகடு.

"விலங்கு இல்லை எண்டால் அதை ஏன் வைச்சிருக்கிறியள்?" என்று ராம்பிரசாத்திடம் கேட்டேன்.

"அது வேற டிபார்ட்மென்ட், மேடம். விளம்பரம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க பண்ண வேண்டியது ஒண்ணுதான். படிவத்தைத் திறந்து வெச்சிருக்கேன். பதினாலாவது கேள்வி. திருத்திடுங்க."

"திருத்தாட்டி?"

"ஆடிட் வருவாங்க. எல்லாப் பேணியையும் திறப்பாங்க. பன்னெண்டாவதையும்."

அவர் என்னை ஒரு கணம் அதிகமாகப் பார்த்ததாகப் பட்டது. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதினையாயிரத்து நானூறு இறப்பு என்று எழுத வேண்டும் என்று நான் கூட்டத்துக்கு வரும்போதே தீர்மானித்திருந்தேன். நாற்பத்தாறு பக்கத்தையும் பதினையாயிரம் முறை நிரப்பத் தயாராக இருந்தேன், ஓய்வு பெறும்வரை நிரப்பியிருப்பேன். ஆனால் எங்கள் கராஜில் தேங்காய்ப்பூவுக்குக் கீழே ஆயிரத்து நானூறு இருந்தது. விலங்கு என்று எழுதினால் அவற்றைத் தேடி வருவார்கள். கண்டுபிடித்தால் ஒன்று எரிப்பார்கள், இல்லாவிட்டால் ஆறுதல் கொடுப்பார்கள். உண்மையைச் சொல்லிப் பதினொரு பேணியைக் கொன்றாகிவிட்டது.

சைபர் என்று அடித்தேன். சாவகச்சேரியில் நான் கோடு இழுத்த பிள்ளைகள் எல்லோரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். திரையில் பச்சை நிறத்தில் "நன்றி, உங்கள் பிரிவு முழு இணக்கத்தில் உள்ளது" என்று வந்தது.

ஓகஸ்ற் வந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பன்னிரண்டாம் பேணியின் மண் கொஞ்சம், ஐஸ் பைக்குள், சோற்றுப் பெட்டியோடு இரண்டு ரயில் ஏறி ஹென்டர்சனுக்கு வரும். சைபருக்குக் கீழே நாலு பாகையில் இரண்டு நாள். மேலே நாலு பாகையில் ஒரு நாள். பிறகு தேக்கரண்டியால், சொட்டுச் சொட்டாக. பாதிக்கு ஈரத்தைக் கூட்டினேன், பாதிக்கு வெப்பத்தை. இதை எந்தச் சஞ்சிகையும் பிரசுரிக்காது. இல்லாத மண்ணிலுள்ள, விலங்கல்லாத, எண்ணிக்கை சைபரான ஒன்றைப் பற்றி யார் எழுதுவது. சி.ஆர். கொப்பியில் எழுதுகிறேன். வெள்ளத்துக்கு முந்திய பக்கம் இனி வெறுமையாக இருக்காது.

நேற்று வியாழக்கிழமை, நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது ராம்பிரசாத் உள்ளே வந்தார். வேறு ஏதோ கையெழுத்துக்கு. கையெழுத்து வாங்கியும் போகாமல் நின்றார்.

"மேடம், நான் ஒரு தடவைகூட இதுல பாத்ததில்லை. பாக்கலாமா?"

நான் கதிரையை விட்டு எழுந்தேன். அவர் அடையாள அட்டைகளை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

"இது நகருது," என்றார்.

எண்ணும் கருவியை மேசையில் வைத்தேன்.

"மேடம், உயிரோட இருக்கு."

"உங்கட தீர்மானத்திலை அது விலங்கில்லை."

அவர் மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. மேலே குளிரூட்டியைப் பார்த்தார். "ஏசி காத்துல அசையுதுன்னு நினைக்கிறேன்."

"இருக்கும்."

கதவு வரை போய்த் திரும்பினார். "மொத்தம் எத்தனை, மேடம்?"

"சைபர்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். நான் உட்கார்ந்து, அவர் பார்த்த புழுவைத் தேடிப் பிடித்து, எண்ணும் கருவியை ஒருமுறை அழுத்தினேன். அது நாற்பத்தெட்டாவது.